களிமண் தோட்டத்தில் மணலைக் கொட்டாதீர்கள்

புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பக்கம் இன்னொரு வீடு, அதே கதை. வீடு கட்டி மிஞ்சிய மணலைக் களிமண்ணில் கொட்டிக் கொத்திவிட்டிருக்கிறார்கள். வாடிய கத்தரிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் ஒரு விரல் நீளம்கூடக் கீழே போகாமல் பக்கவாட்டில் மடங்கிச் சுருண்டிருந்தது. “மணல் போட்டால் மண் பொலபொலவென்று ஆகிவிடும் என்றார்களே சார்?” என்றார் வீட்டுக்காரர்.

ஆகாது. களித்துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. நாலு சட்டி மணல் போட்டால், மணலின் இடுக்குகளையெல்லாம் களி அடைத்துக்கொள்ளும். செங்கல் அறுப்பவர்களைக் கேளுங்கள். பச்சைக்கல் காயும்போது வெடிக்காமலிருக்க அவர்கள் களியில் மணல் சேர்ப்பார்கள். தோட்டத்தில் நீங்கள் செய்வதும் அதே செங்கல் கலவைதான். மணலால்தான் மண்ணை மாற்றுவேன் என்றால் பாதிக்குமேல் மணலாக வேண்டும். பத்தடிக்குப் பத்தடி பாத்தி, ஓரடி ஆழம்: 100 கன அடி மண். அதற்குச் சரிக்குச் சரி மணல் என்றாலே ஒரு முழு யூனிட்! அந்தக் காசுக்குத் தொழுவுரம் வாங்கலாமே. கடற்கரை மணலை அள்ளி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதிலுள்ள உப்பு களியைக் கலைத்து, இருக்கிற துளைகளையும் அடைத்துவிடும்.

களிமண் கெட்ட மண் அல்ல. காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம் தண்ணீரில் நெல் விளைவது களிமண்ணில்தான். சத்தும் ஈரமும் அதில் நிற்கும், காற்றோட்டம்தான் குறைவு. அதைத் தருவது மட்கு.

ஆண்டுதோறும் இரண்டு மூன்று அங்குலம் மட்கிய தொழுவுரமோ இலைமட்கோ பரப்பி, மேல் அரையடி மண்ணில் கலந்துவிடுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம். தென்னை நார்க்கழிவு என்றால் மட்கவைத்தது மட்டும். காலிப் பாத்தியில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கிப் புதையுங்கள். கோடையில் நிலக்கடலைத் தோலையோ வைக்கோலையோ மூடாக்காகப் போட்டால் மண் பாளம் பாளமாக வெடிக்காது.

ஜிப்சம் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். மண்ணில் களர்த்தன்மை, அதாவது சோடியம் மிகுதி, இருந்தால்தான் அதற்கு வேலை. புதுச்சேரிக்காரர்கள் குருமாம்பேட் வேளாண் அறிவியல் நிலையத்திலும், கடலூர்க்காரர்கள் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலும் முதலில் விசாரியுங்கள். மண்ணைச் சோதிக்காமல் மூட்டை தூக்காதீர்கள்.

மேட்டுப்பாத்தியைப் புரட்டாசிக்குள் முக்கால் அடி உயரத்துக்கு எழுப்பிவிடுங்கள். 2024 ஃபெஞ்சல் புயல் மழை போல ஒன்று வந்து தண்ணீர் கட்டினால் பப்பாளி இரண்டு நாள்கூடத் தாங்காது. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஈரக் களிமண்ணை மிதிக்கவோ கொத்தவோ வேண்டாம். ஒரு பிடி எடுத்து உருட்டுங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் மண்வெட்டியை எடுக்கலாம். பளபளவென்று நாடாவாக நீண்டால் அது காயும்வரை பாத்தியில் கால் வைக்காதீர்கள்.

ஏற்கெனவே மணல் கொட்டியவர்கள் அதைத் தோண்டி எடுக்க வேண்டாம். மேலே மட்கைப் பரப்பி மூடாக்குப் போடுங்கள், மண்புழு வரட்டும். அடுத்த ஆண்டும் பரப்புங்கள்.