துருவ ஒளி கௌல்: தலைக்குள் நுழைய வேண்டுமே!

பின்னல் வகுப்புக்கு வருபவர்களில் பலருக்கு ஆசை ஒன்றுதான்: கருநீலப் பின்னணியில் பச்சையும் இளஞ்சிவப்பும் அலையலையாக ஏறும் துருவ ஒளி கௌல். துருவ ஒளி என்பது துருவப் பகுதிகளின் இரவு வானில் தெரியும் வண்ண ஒளி; கௌல் என்பது தலைவழியாக மாட்டிக் கழுத்தை மூடிக்கொள்ளும் கம்பளி வளையம். நிறம் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் யோசிப்பார்கள். ஆனால் முடித்துக் கொண்டுவரும் கௌல்களில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு வேறு. தலைக்குள் நுழையாது.

காரணம் உள்பக்கத்தில் இருக்கிறது. துருவ ஒளியை ஊரிலிருந்தே பார்க்கக்கூடிய, ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளின் ஃபேர் ஐல் முறையில், ஒரு வரிசைக்கு இரண்டு நிறங்கள். ஒன்று பின்னப்படும்போது மற்றது பின்னால் சும்மா ஓடும். கதகதப்புக்குக் காரணமே இந்த இரட்டை அடுக்கும் அதில் தங்கும் காற்றும்தான். புதியவர்கள் அந்த ஓடும் நூலைச் சுண்டி இழுத்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 10 செ.மீ.க்கு 24 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) வீதம் 144 கண்ணி போட்டால் சுற்றளவு 60 செ.மீ. அதே 144 இறுகிப்போய் 10 செ.மீ.க்கு 28 ஆனால், 51 செ.மீ.தான். பெரியவர்கள் பலருக்குத் தலைச் சுற்றளவே 55-ஐத் தாண்டும். ஒற்றை நிறப் பின்னல் என்றால் இழுத்து மாட்டிவிடலாம். இதில் உள்ளே ஓடும் நூல் விடாது.

அதனால் நிறம் மாற்றும் முன் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரலால் பரப்பிவிடுங்கள். அப்படியும் இறுகினால் உள்பக்கத்தை வெளியே திருப்பி வைத்துப் பின்னிப் பாருங்கள். நூல் வெளிவட்டத்தில் ஓடுவதால் கொஞ்சம் தளர்வு கிடைக்கும். ஐந்து கண்ணிக்கு மேல் ஓடும் நூலை நடுவில் ஒருமுறை பிணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கம்மலில் மாட்டும். அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரித் துண்டையும் வட்டமாகவே பின்ன வேண்டும். தட்டையாகப் பின்னிய துண்டு வேறு அளவு காட்டும்.

சரி, நிறத்துக்கு வருவோம். வானத்தில் அதற்கு ஒரு வரிசை உண்டு. சுமார் 100 கி.மீ. உயரத்திலிருந்து பச்சை, 200 கி.மீ.க்கு மேலே சிவப்பு. இரண்டும் ஆக்சிஜன் தருபவை. அடி விளிம்பில் தெரியும் இளஞ்சிவப்பு, ஊதா பெரும்பாலும் நைட்ரஜனுடையது. ஆகவே கீழே மெல்லிய இளஞ்சிவப்பு, நடுவில் அகலமாகப் பச்சை, மேலே கருஞ்சிவப்பாக மங்குவது என்று வைத்தால் பொருந்தும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிய வடிவங்கள் ஏராளம். அழகுதான், ஆனால் எனக்கு உறுத்தும்.

நூல் உருண்டைகளைச் சேர்த்து வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். பச்சையும் பின்னணி நீலமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், பின்னிய பிறகு வடிவம் எடுபடாது. பின்னணி இன்னும் இருட்டாக வேண்டும்.

கடையில் நூலைக் கையில் மட்டும் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். கழுத்தில் வைத்துப் பாருங்கள். கைக்கு மென்மையாக இருப்பது அங்கே அரிக்கலாம். அடர்நீலமும் சிவப்பும் சாயம் விடக்கூடியவை என்பதால், ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சோதித்த பிறகே ஊசியைத் தொடுங்கள். முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் ஒற்றி, தட்டையாகக் காயவிட்டால் மேடுபள்ளம் பெரும்பாலும் சமமாகிவிடும். சுண்டி இழுத்த நூல் மட்டும் எந்தத் தண்ணீருக்கும் தளராது. அந்த வரிசை வரை பிரித்துப் பின்ன வேண்டியதுதான்.