டிஷ்வாஷரை மாற்றும் முன் சுவருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்

கோத்தகிரி பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் புது டிஷ்வாஷர் (பாத்திரம் கழுவும் மெஷின்) மாட்டித் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பழையதை வாங்கி நாலு வருஷம்தான் ஆகிறது. தார்ப்பாய் போட்டு முற்றத்தில் வைத்திருந்தார்கள். மறுநாள் எக்ஸ்சேஞ்சில் தூக்கிப் போக ஆள் வருவதாக ஏற்பாடு.

"தண்ணி எடுத்துக்கிட்டே இருக்கு தம்பி, கழுவவே மாட்டேங்குது. போர்டு போச்சு, அதுக்கு ஆகுற செலவுக்குப் புதுசே வாங்கிடலாம்னு சொல்லிட்டாங்க" என்றார் அந்த அக்கா. போர்டு என்றால் மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் பலகை.

சமையலறைச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் ஹோஸ் சுவர் ஓட்டை வழியாக வெளியே வந்து, சரிவில் அப்படியே இறங்கி, கீழ்த்தட்டு வாய்க்காலில் போய் முடிந்திருந்தது. மெஷினில் ஒரு பழுதும் இல்லை. உள்ளே வரும் தண்ணீர் வந்த வேகத்தில் கீழே ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். புது மெஷினை அதே ஹோஸ் வழியில் மாட்டியிருந்தால் அதுவும் முதல் நாளே இதே எரரைக் காட்டியிருக்கும்.

மலையில் இது அடிக்கடி நடக்கிறது. குன்னூரிலும் கேத்தியிலும் ஊட்டியிலும் பாதி வீடுகள் சரிவில் நிற்கின்றன. சமையலறைத் தரைக்கும் சாக்கடைக்கும் நடுவே ஓர் ஆள் உயரம் சாதாரணம். ஹோஸின் முனை மெஷினைவிடக் கீழே இருந்தால், டேங்கிலிருந்து டியூப் போட்டு பெட்ரோல் இழுப்பது போலத் தண்ணீர் தானாக இறங்கிவிடும். பம்பில் நான்-ரிட்டர்ன் வால்வ் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது வெளியே போன அழுக்குத் தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பதற்கு. போவதைத் தடுக்காது. ஹோஸை மேலே ஒரு வளைவு விட்டுக் கீழே இறக்கினாலும் போதாது. தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள், ஹோஸைவிட அகலமான பிவிசி குழாய்க்குள் அது தளர்வாக நுழைந்து அங்கேயே முடிய வேண்டும். இடைவெளியில் காற்று போக வேண்டும். அதற்கப்புறம் அந்தக் குழாய் எவ்வளவு கீழே இறங்கினாலும் கவலையில்லை. இருநூறு முந்நூறு ரூபாய்ச் சாமான்.

எனக்கு அடக்க முடியாத கோபம் வருவது "போர்டு போச்சு" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான். திரையில் எண் ஒளிர்கிறது, பட்டனை அழுத்தினால் பீப் என்கிறது, எரர் கோடு காட்டுகிறது என்றால் பெரும்பாலும் போர்டு உயிரோடுதான் இருக்கிறது. தன் வேலையைச் செய்துகொண்டும் இருக்கிறது. எரர் கோடு என்பது எந்தப் பாகம் செத்தது என்ற அறிவிப்பு கிடையாது. சென்சார் எதைப் பார்த்தது என்பதை மட்டும் அது சொல்கிறது. "தண்ணீர் வெளியேறவில்லை" என்ற கோடு வந்தால், டிரெயின் பம்ப் எரிந்திருக்கலாம். ஃபில்டரில் சாதம் அடைத்திருக்கலாம். பம்ப் விசிறியில் எலும்புத் துண்டோ, உடைந்த கண்ணாடிச் சில்லோ, கறிவேப்பிலைக் காம்போ, பல்குச்சியோ மாட்டியிருக்கலாம். ஹோஸ் மடங்கியிருக்கலாம். நாலுக்கும் ஒரே கோடுதான். "கசிவு" என்ற கோடு வந்தால் கதவு ரப்பரான கேஸ்கெட் கிழிந்திருக்கலாம். அல்லது கை கழுவும் சோப்புத் திரவத்தை யாரோ உள்ளே ஊற்றி, நுரை பொங்கி அடித்தட்டில் இறங்கி, மிதவை சுவிட்சைத் தூக்கியிருக்கலாம். அடித்தட்டுத் தண்ணீரை வடித்துக் காயவிட்டால் அதுவே தீர்ந்துவிடும். இவற்றில் எதையும் பார்க்காமல், வாசலில் நின்றபடியே போர்டு என்று சொல்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எதை அளந்து பார்த்துச் சொல்றீங்க?" மல்டிமீட்டரை வெளியே எடுக்காத ஆள் சொல்லும் தீர்ப்புக்கு நாற்பதாயிரம் செலவு செய்யாதீர்கள்.

போர்டு போகவே போகாது என்று சொல்லவில்லை. இடி விழுந்த மறுநாள், மின்சாரம் ஏறி இறங்கிய மறுநாள் போர்டு போன மெஷின்கள் உண்டு. ஈரப்பதத்தில் பச்சை பிடித்ததும், பல்லி விழுந்து கருகியதும் உண்டு. அப்போதும் பல நேரம் ஹீட்டர் ரிலே (போர்டில் ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் சின்ன சுவிட்ச்) ஒன்றுதான் எரிந்திருக்கும். கோவையில் போர்டு சர்வீஸ் செய்பவர்களிடம் அனுப்பிக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

தண்ணீர் அழுத்தமும் மலைக்கே உரிய தொல்லை. பல மாடல்களுக்குக் குறைந்தது 0.5 பார் அழுத்தம் வேண்டும். அதாவது தண்ணீர்த் தொட்டி குழாய்க்கு மேலே 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஒற்றைத் தள வீட்டின் கூரைத் தொட்டி அதில் பாதி உயரத்தில்தான் இருக்கிறது. மெஷின் தண்ணீருக்குக் காத்திருந்து எரர் கொடுக்கும். தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், எரரும் வந்துகொண்டே இருக்கும். எஸ்டேட் பங்களாக்களில் இதற்கு நேர்மாறு. மேட்டில் வெகு உயரத்தில் தொட்டி. 100 மீட்டர் இறக்கம் என்றால் 10 பார். ஹோஸ் ஜாயின்ட் பிய்த்துக்கொள்ளும். முதல் வீட்டுக்குச் சின்ன பூஸ்டர் பம்ப், இரண்டாம் வீட்டுக்கு அழுத்தம் குறைக்கும் வால்வ். இரண்டிலும் மெஷினை மாற்றி ஒரு பயனும் இல்லை.

டிசம்பர், ஜனவரியில் "மூணு மணி நேரம் ஓடுது, ஹீட்டர் போச்சு" என்று ஊட்டியிலிருந்து போன் வரும். வோல்டேஜைப் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் ஹீட்டரின் சக்தி ஏறக்குறைய 60 சதவீதமாகிவிடும். உள்ளே வரும் தண்ணீரும் பனிக்குளிரில் இருக்கிறது. நேரம் எடுக்கத்தான் செய்யும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள். 2,000 வாட் இழுக்கும் சாமான் இது. தனி 16 ஆம்பியர் சாக்கெட், ஒழுங்கான எர்த். பாறை மண்ணில் எர்த் சரியாகப் பிடிப்பதில்லை, எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். தண்ணீரும் இரும்புமாக இருக்கும் மெஷின், இதில் அலட்சியம் கூடாது.

சரி, எப்போது மாற்றுவது? உள்தொட்டியே துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் மாற்றுங்கள், அதற்கு வைத்தியம் கிடையாது. ஸ்பேர் வருவதே நின்றுபோன மாடல் என்றால் மாற்றுங்கள். பத்து வருஷம் ஓடிய மெஷினில் கழுவும் மோட்டார் போய், ஒரு வருஷத்துக்குள் போர்டும் போனால் மாற்றுங்கள். டிரெயின் பம்ப், இன்லெட் வால்வ், கேஸ்கெட், கதவுப் பூட்டு, டிடர்ஜென்ட் பெட்டி, ராக் சக்கரம் ஆகியவற்றுக்காக எந்த வயது மெஷினையும் தூக்கிப் போடாதீர்கள். இவை கூலியோடு சேர்த்துப் பெரும்பாலும் நாலைந்தாயிரத்தைத் தாண்டாது. கழுவும் மோட்டாரும் ஹீட்டரும் ஒன்றாக வரும் புது மாடல்களில் அந்தப் பாகம் விலை அதிகம். அங்கே மட்டும் வயதைப் பார்த்து யோசிக்கலாம். ஏழு வருஷத்துக்குள் என்றால் நான் ரிப்பேர் செய்யத்தான் சொல்வேன்.

"புதுசு கரண்ட் மிச்சம் பண்ணும்" என்று கடையில் சொல்வார்கள். ஒரு முறை ஓட ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகிறது. புதுசு அதில் கால் யூனிட் குறைத்தாலும், தினம் ஒரு முறை ஓட்டினால் வருஷத்துக்குத் தொண்ணூறு யூனிட் சுற்றி. யூனிட் எட்டு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் எழுநூறு சொச்சம். நாற்பதாயிரம் திரும்பி வர எத்தனை வருஷம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

வருஷத்தில் பல மாதம் பூட்டிக் கிடக்கும் காட்டேஜ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பூட்டும் முன் தண்ணீரை முழுக்க வெளியேற்றுங்கள். ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். இன்லெட் குழாயை மூடுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், கதவை நாலு விரல் திறந்து வையுங்கள். ஹோஸ் போகும் சுவர் ஓட்டையைக் கம்பி வலை வைத்து அடையுங்கள். எலி ஹோஸைக் கடிக்கும், உள்ளே ஏறி வயரையும் கடிக்கும். மாதக்கணக்கில் நின்ற மெஷின் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றால் மோட்டார் எரிந்தது என்று முடிவு கட்டாதீர்கள். பம்ப் விசிறி இறுகியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெக்கானிக்கை விட்டுக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சுற்றும்.

ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் மார்ச் மாதமே மெஷினை ஒரு முறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் மலைப்பாதை நிரம்பிய பிறகு கூப்பிட்டால், கோவையிலிருந்து ஸ்பேர் ஏறி வரவே நாளாகும். அந்த அவசரத்தில்தான் எல்லோரும் புதுசு வாங்குகிறார்கள்.