"அங்கே அமைதியா இருக்காங்க டாக்டர்" என்று சொல்பவர்களுக்கு

போன வாரம் மறுபடியும் ஒருவர். எண்பதைத் தாண்டிய அம்மா, பெயரெடுத்த மூத்தோர் குடியிருப்பிலிருந்து காய்ச்சல் என்று கூட்டி வந்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்தால் முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண், அடியில் எலும்பு தெரிகிறது. வாராவாரம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த மகனுக்கு அப்படி ஒரு புண் இருப்பதே தெரியாது. "ரொம்ப நல்ல இடம் டாக்டர், சத்தமே இருக்காது, அம்மாவும் அங்க போனப்புறம் அமைதியா ஆயிட்டாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அமைதியாக இருந்தால் நன்றாக இருக்கிறார்கள் என்ற இந்த நம்பிக்கை மேல்தான் கோபம், ஏனென்றால் இதை அலுக்காமல் எல்லோரும் சொல்கிறார்கள்.

தயவுசெய்து கேளுங்கள். நேற்று வரை பேசிக்கொண்டிருந்த, குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு வயதானவர் திடீரென்று அடங்கிப்போனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கலாம், வயதாக ஆகத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். சிறுநீரிலோ நெஞ்சிலோ கிருமி தொற்றியிருக்கலாம், முதியவர்களுக்குப் பல நேரம் காய்ச்சல் வராது, தூங்கி வழிவது மட்டும்தான் அறிகுறி, அதைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள். மனச்சோர்வாக இருக்கலாம். காது மெஷினில் பேட்டரி தீர்ந்து போய் யாரும் மாற்றாமல் விட்டிருக்கலாம். அல்லது, இதுதான் என்னை அதிகம் பதற வைப்பது, ராத்திரி கத்துகிறார், எழுந்து நடக்கிறார் என்று ஏதாவது மாத்திரை கொடுத்து அடக்கி வைத்திருக்கலாம். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. சிலருக்கு அந்த மருந்து தேவைப்படத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் இரவில் ஆள் போதவில்லை என்பது மருந்து கொடுப்பதற்கான காரணம் ஆகாது. புதிதாக என்ன மாத்திரை, யார் எழுதியது, எதற்கு, எப்போது நிறுத்துவது என்ற நான்கையும் கேளுங்கள். மருந்துப் பதிவேட்டையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால் அது ஒரே உட்காரலில் போட்டது. நர்ஸ் வேலை பார்த்தவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

சரி, இடம் பார்க்கப் போகும்போது என்ன செய்வது? முதல்முறை அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போங்கள், அப்புறம் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போங்கள். வரவேற்பறை, தோட்டம், தியான மண்டபம் எல்லாம் இருக்கட்டும். நேராகக் குளியலறைக்குப் போய் அவசர மணிக் கயிற்றைப் பாருங்கள். கூட்டிப் பெருக்க இடைஞ்சல் என்று அதை மேலே சுருட்டிக் கட்டி வைத்திருப்பார்கள். விழுந்து தரையில் கிடப்பவருக்குத்தான் அந்தக் கயிறு, அவர் கைக்கு எட்டாவிட்டால் இருந்தும் பயனில்லை. அதை இழுத்துவிட்டு, எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். குழாயில் வெந்நீர் எவ்வளவு சூடு என்பதையும் பாருங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு அது தெரியவும் தெரியாது. படுக்கை அருகே தண்ணீர் டம்ளர் எந்தப் பக்கம் இருக்கிறது? பக்கவாதத்தில் விழுந்துபோன கைப்பக்கம் வைத்துவிட்டு, "அவர் தண்ணியே குடிக்க மாட்டேங்கிறார்" என்பார்கள்.

இரவு இரண்டு மணிக்கு மொத்தம் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வளாகத்தில் இருப்பவர்களை எண்ணாதீர்கள், விழித்திருப்பவர்களை மட்டும். தானாகப் புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அதை வராந்தா கேமரா செய்யாது.

"இங்கே யாருமே விழுந்தது இல்லை" என்று சொல்லும் இடத்தை நம்பாதீர்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது விழுகிறார். நல்ல இடம் என்றால், போன மாதம் விழுந்தார், ஏன் விழுந்தார், அதன் பிறகு இதை மாற்றினோம் என்று சொல்லும். கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி போடுங்கள், நாற்காலியில் பெல்ட் கட்டுங்கள் என்று குடும்பத்தாரே வற்புறுத்துவதையும் பார்க்கிறேன். வேண்டாம். குழப்பத்தில் இருப்பவர் கம்பி மேல் ஏறித்தான் இறங்கப் பார்ப்பார், இன்னும் உயரத்திலிருந்து விழுவார், கம்பிக்கு இடையே கழுத்து மாட்டி இறந்தவர்களும் உண்டு. தாழ்வான கட்டில் கேளுங்கள்.

சேர்த்த பிறகும் கண்ணை எடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும், 60 கிலோ உள்ளவருக்கு ஒரு மாதத்தில் 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போதெல்லாம் அவரைக் கேட்டுக்கொண்டு சாக்ஸைக் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள், உடை மாற்றும்போது வால் எலும்புப் பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும், வெளுக்காவிட்டால் புண் ஆரம்பித்துவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, தொட்டுப் பாருங்கள், சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ இறுகியோ இருக்கும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி மட்டும் தேடுங்கள்: நடந்து வந்தவர் படுக்கையில் விழுந்தால் தொடர்ந்து வைத்துக்கொள்வார்களா? இல்லை என்றால் எத்தனை நாள் அவகாசம், முன்பணத்தில் எவ்வளவு திரும்ப வரும்? வாய்வார்த்தை போதாது.

அப்புறம், பணியாளர் இல்லாத நேரத்தில் அவரிடம் பேசுங்கள். "நல்லா பாத்துக்கிறாங்களா?" என்று கேட்காதீர்கள், உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாதென்று ஆமாம் என்றுதான் சொல்வார். "நேத்து ராத்திரி பாத்ரூம் போக யார் கூட வந்தாங்க?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை அவர் பெயரைச் சொல்லி நிர்வாகத்திடம் சண்டை போடவும் வேண்டாம், நீங்கள் கிளம்பிய பிறகு அங்கே இருக்கப்போவது அவர்தான். நீங்களே கவனித்ததை எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு, ஒரு நகல் கையில் வைத்துக்கொண்டு.