ராஜபார்ட்: 'பார்ட்' என்ற சொல் வந்த வழி

ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), கள்ளபார்ட் (திருடன் வேடம்) என்று நம் நாடக மேடை வழங்கிவரும் பெயர்களின் பின்பாதியாகிய 'பார்ட்' என்பதற்கு இன்று வேடம் என்று பொருள் கொள்கிறோம். ஆங்கில மேடையில் அச்சொல் நடிகர் கையிலிருந்த ஒரு தாளையும் குறித்தது.

பங்கு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது 'பார்ட்'. 16ஆம் நூற்றாண்டு இலண்டன் நாடகக் குழுக்களில் முழு நாடகத்தையும் ஆளுக்கொரு படியாகக் கையால் எழுதித் தருவது பெருஞ்செலவு என்பதால், ஒருவர் பேச வேண்டியதை மட்டும் தனியே படியெடுத்துக் கொடுத்தனர். அதுவே அவருடைய பங்கு. எட்வர்ட் அலெய்ன் என்ற நடிகர் ஒர்லாண்டோ வேடத்துக்காக வைத்திருந்த அத்தகைய ஏடு, அவர் நிறுவிய டல்லிச் கல்லூரியில் இன்றும் உள்ளது. ஏறத்தாழ 6 அங்குல அகலமுள்ள தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிய நீண்ட சுருள் அது. ஒரு பேச்சு முடிந்ததும் நீண்ட கோடு, கோட்டின் முடிவில் எதிரே நிற்பவர் சொல்லும் கடைசி இரண்டு மூன்று சொற்கள், பிறகு மீண்டும் அலெய்னின் பேச்சு. அச்சொற்களைச் சொல்பவர் யார் என்ற குறிப்புகூட இல்லை. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ('ரோல்' என்ற சொல்லும் இத்தகைய சுருளின் பெயரே.)

'பார்ட்' தமிழில் வேரூன்றியபோது தாள் என்ற பொருள் உதிர்ந்து, வேடம் என்பது மட்டும் நின்றது. மனப்பாடம் செய்ய வேண்டிய பேச்சையும் பாட்டையும் நம்மவர்கள் 'பாடம்' என்றார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கியது போன்ற பாலர் சபைகளில், அதாவது சிறுவர்கள் நடித்த நாடகக் குழுக்களில், வாத்தியார் பாடம் கொடுப்பார், பையன்கள் உருப்போடுவார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் இது இன்னும் வியப்பானது. வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே வரும் நடிகர்கள் ஒத்திகையே இன்றி அன்றிரவு மேடையில் சந்தித்து, அவரவர் பாடத்தின் பலத்தில் விடிய விடிய நாடகத்தை நடத்திவிடுகிறார்கள்.

நேர்த்தமிழ் தேடினால் 'பகு' என்னும் வினையடியாகப் பிறந்த 'பங்கு' பொருளால் மிக நெருங்கியது. ஆனால் மேடையில் அது ஒட்டவில்லை. வேடம், பாடம் இரண்டும் வடமொழி வழி வந்தவையாயினும் கூத்துக்காரர் நாவில் பழகியவை. ஆகவே நடிப்பதை வேடம் என்றும், நடிகருக்குரிய பேச்சைப் பாடம் என்றும் பிரித்து எழுதுவதே தெளிவு என்பது என் கருத்து. ராஜபார்ட்டை 'அரச வேடம்' என்று பெயர்த்தால் பொருளே தவறிவிடும்: வள்ளி திருமணத்தில் ராஜபார்ட் போடுபவர், அதாவது முருகனாக நடிப்பவர், வேடனாக வருகிறார், விருத்தனாகவும் (கிழவனாகவும்) வருகிறார், அரசனாக வருவதில்லை.