ஆசிட் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு போன் பண்ணுங்கள்

போன வாரம் மரக்காணம் பக்கம் ஒரு புது வீடு. பூச்சு இல்லாத செங்கல் சுவர், எலிப்பொறிக் கட்டு (செங்கலை நிமிர்த்தி, நடுவில் இடைவெளி விட்டு அடுக்கும் கட்டு), பார்க்க அழகாக எழும்பிய வீடு. கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வீட்டுக்காரர் போனில் அழைத்தார். “சார், சுவர் மஞ்சளா ஆயிடுச்சு, கொஞ்சம் வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். மேற்குச் சுவர் முழுக்க மஞ்சள் வழிசல். விரலால் தேய்த்தால் கலவை மூட்டிலிருந்து மணல் கொட்டுகிறது. ஜன்னலடிக் கடப்பா கல் அரித்துப் புள்ளி புள்ளியாகக் கிடக்கிறது. மேஸ்திரி காய்ந்த சுவரில், தண்ணீர் கலக்காத ஆசிட்டை (பாத்ரூம் கழுவுகிற ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான்) மக்கில் மொண்டு ஊற்றியிருக்கிறார். இந்த வருடம் இது எனக்கு மூன்றாவது வீடு.

“ஏன் அண்ணே?” என்று கேட்டால், “பாத்ரூம் டைல்ஸ் இப்படித்தானே சார் பளிச்சுன்னு ஆகுது” என்கிறார். டைல்ஸின் முகத்தில் கண்ணாடி மாதிரி மெருகு இருக்கிறது. செங்கல் குடிக்கும். 24 மணி நேரம் ஊறவைத்தால் சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று செங்கலுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1077 அனுமதிக்கிறது. அதாவது மூன்று கிலோ செங்கல் அரை லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கலாம். காய்ந்த சுவரில் ஊற்றிய ஆசிட் எங்கே போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடைகளில் மஞ்சளாகக் கிடைக்கும் மலிவு ஆசிட்டில் இரும்பு வேறு கலந்திருக்கும். அதுவும் சுவரில் ஏறும்.

சரி, எதற்காக ஊற்றினார்கள்? சுவரில் வெள்ளை பூத்திருந்ததாம். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

அந்த வெள்ளை அழுக்கும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. உப்பு. செங்கல் மண்ணில் இருந்த உப்பு, கலவைக்கு ஊற்றிய போர்வெல் தண்ணீரின் உப்பு, தரையிலிருந்து ஏறும் ஈரத்தின் உப்பு. சுவருக்குள் இருக்கும் தண்ணீர் இதையெல்லாம் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. மரக்காணத்துக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியிருந்ததுதான் வேடிக்கை. “உங்க ஊர் உப்பளத்துல நடக்குறதுதான் சார் உங்க சுவத்துலயும் நடக்குது” என்றேன். பாத்தியில் இன்னும் தண்ணீர் விட்டால் உப்பு ஒழியுமா? கரைந்து மறைந்த மாதிரி இருக்கும், காய்ந்ததும் திரும்ப வரும். ஆசிட் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசம். அது கலவையில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து புதிதாக ஒரு உப்பைச் சுவருக்குள் உண்டாக்கிவிட்டுப் போகும். உப்பை விரட்ட உப்பை ஊட்டுகிறோம்.

எது உப்பு, எது சிமென்ட் என்று தெரியவில்லையா? காய்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் உப்பு. உதிர்ந்ததை முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள், சுவரடியிலேயே விடாதீர்கள். தண்ணீர் வேண்டாம். மறுபடி பூத்தால் மறுபடி தேயுங்கள். புதுக் கட்டடத்தின் ஈரம் வற்ற வற்றப் பூப்பதும் குறைந்துவிடும். அடிப்பகுதியில் மட்டும் ஓயாமல் பூக்கிறதென்றால் தரையீரம் ஏறாமல் சுவரடியில் போடும் ஈரத்தடுப்பிலோ குழாயிலோ கோளாறு. அதற்குப் பிரஷ் உதவாது.

செங்கல் வாங்கும்போதே பார்க்க வழி இருக்கிறது. தட்டில் 25 மில்லிமீட்டர் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு, கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, நிழலில் காயவிட வேண்டும். காய்ந்தபின் இன்னொரு முறை அதே அளவு தண்ணீர். எவ்வளவு பூக்கிறது என்று தெரிந்துவிடும். ஐ.எஸ். 3495 சொல்லும் சோதனைதான். செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சிந்திய கலவைக் கறை வேறு விஷயம். கட்டும்போதே சாயங்காலம் சாக்குத் துணியால் துடைத்தால் முக்கால் வேலை முடிந்தது. காய்ந்துபோனதை மரத் துண்டால் சுரண்டி, அதே நிறச் செங்கல் துண்டால் தேயுங்கள். கம்பி பிரஷ் கூடாது, கம்பித் துகள் துருவாக மாறும்.

அப்படியும் போகாத கறைக்குத்தான் ஆசிட். கட்டி ஏழு நாளுக்கு முன்னால் தொடாதீர்கள், மாதக்கணக்கில் தள்ளியும் போடாதீர்கள். முதலில் பின்பக்க மூலையில் ஒரு முழம் சுவரில் செய்து, காயவிட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் வாளியில் பத்துப் பங்கு தண்ணீர், அதில் ஒரு பங்கு ஆசிட். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. தெறித்துக் கண் போன கதைகள் இந்தத் தொழிலில் உண்டு. முதலில் சுவரைத் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டு, கறை உள்ள இடத்தில் மட்டும் தடவி, சில நிமிடங்களில் தேய்த்து, வழிய வழியக் கழுவுங்கள். கடப்பா, மார்பிள், அலுமினிய ஜன்னலை முன்கூட்டியே மூடிவிடுங்கள். வெளிர் நிற வயர் கட் கல்லில் (இயந்திரத்தில் கம்பியால் அறுத்த செங்கல்) இந்த ஆசிட் படவே கூடாது. பச்சையும் பழுப்புமாகக் கறை கிளம்பினால் எடுப்பது பெரும்பாடு.

ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் கலக்கவே கலக்காதீர்கள். வருவது குளோரின் வாயு. தயவுசெய்து, வேலை செய்யும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் கையுறை, கண்ணாடி, கால் மூடும் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். செங்கல் விலையோடு பார்த்தால் அதெல்லாம் ஒரு காசா?

இன்னொன்று: சுவர் முழுசாகக் காயும் முன்னால் பளபளா வார்னிஷ் அடிக்காதீர்கள். உப்பு அதன் பின்னால் சேர்ந்து, தோல் உரிந்த மாதிரி பெயரும்.

மரக்காணத்து வீட்டில் மேற்குச் சுவரின் மூட்டுகளைச் சுரண்டி மறுபடி பாயிண்டிங் பண்ண, அதாவது புதுக் கலவையால் நிரப்பச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் முழுதாகப் போகாது என்பதையும் சொல்லிவிட்டேன். கிரகப்பிரவேசம் குறித்த நாளில் நடக்கிறது. வாழை மரத்தை வாசலில் கட்டாமல் மேற்குப் பக்கம் வரிசையாகக் கட்டப் போகிறாராம்.