ரொட்டிப் பூரணம்: ‘திணிப்பு’ எதற்கு?

நவம்பர் பிறந்தால் நியூ ஜெர்ஸியில் எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கிடையே ஒரு சமையல் குறிப்புத் தாள் சுற்றுக்கு வரும். அந்த மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்காவின் நன்றி நவிலல் நாள். அன்றைக்கு ஊர்க்காரர்கள் சமைப்பதை நாமும் சமைத்துப் பார்க்கலாமே என்று நல்லெண்ணத்தோடு தமிழில் எழுதித் தருகிறார்கள். அதில் மூன்று ஆண்டுகளாக ஒரு தலைப்பு இருந்தது: ‘மூலிகை ரொட்டித் திணிப்பு’. முதல் ஆண்டு சிரித்தேன். இரண்டாம் ஆண்டு பொறுத்தேன். சென்ற ஆண்டு, மகளைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார். “ரொட்டியை யார் மீது திணிக்கிறார்கள் தம்பி? இங்கேயும் போராட்டம் உண்டா?” என்று கேட்டார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

பண்டம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். காய்ந்த ரொட்டித் துண்டுகளோடு வெங்காயம், செலரி, வெண்ணெய், வாசனைத் தழைகள் சேர்த்து, சூப்பு ஊற்றிப் பிசிறி வேகவைப்பதுதான் ஆங்கிலத்தில் ஸ்டஃபிங். அந்தச் சொல்லைத்தான் தாளில் திணிப்பு என்று பெயர்த்திருந்தார்கள். வான்கோழியின் வயிற்றுக்குள் இதை வைத்து முழுப் பறவையாக வாட்டுவார்கள். எங்கள் வீட்டில் பறவை கிடையாது, தட்டு மட்டும்தான். ஒரு பவுண்டு ரொட்டியை, ஏறக்குறைய 450 கிராம், முதல் நாள் இரவே முக்கால் அங்குலத் துண்டுகளாக நறுக்கி அகலத் தட்டில் பரப்பிவிடுவேன். காலையில் தொட்டால் ரஸ்க் போல வறவறவென்று இருக்க வேண்டும். 113 கிராம் வெண்ணெய் உருகி நுரைக்கும்போது வெங்காயமும் செலரியும் விழும். வெங்காயம் கண்ணாடியானதும் சேஜ் இலையை நறுக்கிப் போட வேண்டும். அந்த வாசனைக்குத்தான் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து சமையலறைக்கு வருவார்கள். பிறகு காய்கறி சூப்பு இரண்டரைக் கோப்பை; ஒரே மூச்சில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக. கையில் ஒரு துண்டை எடுத்தால் நனைந்திருக்க வேண்டும், உடையக் கூடாது. 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 45 நிமிடம். மேலே மொறுமொறுப்பு, அடியில் உப்புமா பதம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஸ்டஃப் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குத் துணி, தளவாடம், வேண்டிய சரக்கு என்றெல்லாம் பொருள். சரக்கை உள்ளே வைத்து நிரப்புவதற்கு அது வினையாகி, 16ஆம் நூற்றாண்டில் சமையலறைக்குள் ஸ்டஃபிங் என்று நுழைந்தது. அதற்கு முன் ஆங்கிலேயர்கள் ஃபார்ஸ் என்றார்கள். ‘நிரப்பு’ என்று பொருள்படும் லத்தீன் வினையின் வழி வந்த பிரெஞ்சுச் சொல் அது. சமய நாடகங்களுக்கு நடுவே இட்டு நிரப்பிய சிரிப்புக் காட்சிகளுக்கும் அதே பெயர் வைத்தார்கள். நாம் இன்று கேலிக்கூத்து என்று மொழிபெயர்க்கும் ஃபார்ஸ் அதுதான். அமெரிக்கத் தென் மாநிலங்களில் சோளமாவு ரொட்டியில் செய்து டிரெஸ்ஸிங் என்கிறார்கள். பென்சில்வேனியாவில் ஜெர்மானிய வழிவந்தவர்கள் ஃபில்லிங் என்கிறார்கள். 1972இல் ஸ்டோவ் டாப் என்ற பெயரில் இது பெட்டிக்குள் வந்தது. வெந்நீரும் வெண்ணெயும் சேர்த்தால் போதும், பறவையே வேண்டாம். எதற்குள்ளும் வைக்காத ஒன்றுக்கும் ஸ்டஃபிங் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனித் திணிப்புக்கு வருகிறேன். தாளைத் தொகுப்பவர் தமிழ் ஆசிரியை. எனக்குத் தங்கை முறை. கேட்டதும் அவர் சளைக்கவில்லை. “திணி என்பது புறநானூற்றுச் சொல் அண்ணா. ‘மண் திணிந்த நிலனும்’ என்று இரண்டாம் பாட்டே தொடங்குகிறது. அதைவிடத் தூய தமிழ் வேறென்ன வேண்டும்?” என்றார். பாட்டு உண்மை. அங்கே திணிந்த என்றால் மண் அணுக்கள் செறிந்த, இறுகிய என்று பொருள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. ஆனால் முரஞ்சியூர் முடிநாகராயர் பாடிய பிறகு காவிரியில் எவ்வளவோ தண்ணீர் போய்விட்டது. இன்று திணிப்பு என்று சொன்னால், தமிழ்நாட்டில் 1965க்குப் பிறகு செய்தித்தாள் படித்து வளர்ந்த எவருக்கும் அதற்கு முன்னால் ‘இந்தி’ என்ற சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கருத்துத் திணிப்பு, கட்டணத் திணிப்பு, கொள்கைத் திணிப்பு. எதுவும் வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய பண்டமாக இல்லை.

வீட்டுப் பேச்சிலும் திணிப்பதற்கு ஒரு முரட்டுத்தனம் உண்டு. கொள்ளாத பெட்டியில் துணியைத் திணிக்கிறோம். திருடன் காவலாளியின் வாயில் துணியைத் திணிக்கிறான். “குழந்தை வேண்டாமென்கிறதே, ஏன் திணிக்கிறாய்?” என்று பாட்டி அம்மாவைக் கடிவாள். இடம் போதாத இடத்தில், அல்லது விருப்பமில்லாத வாயில், பலவந்தமாகச் செலுத்துவதுதான் திணிப்பது.

என் முதல் எதிர்வாதம் வேறாக இருந்தது, அது தோற்றுப்போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திணிப்பு தொழிற்பெயர், செயலைக் குறிக்கும், பண்டத்தைக் குறிக்காது என்றேன். “அப்படியானால் இனிப்பு? உடுப்பு? அடுப்பு?” என்று அடுக்கினார் தங்கை. அடுப்பைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் சமையல்காரனின் வாதம் தோற்கவில்லை. ஸ்டஃபிங்கைப் பறவைக்குள் வைக்கும்போது அழுத்தக் கூடாது, தளர்வாக வைக்க வேண்டும். ரொட்டி சாற்றை உறிஞ்சி உப்பும். இறுகப் போனால் நடுப்பகுதிக்குச் சூடு எட்டாது. பச்சை இறைச்சியின் நீர் அந்த ரொட்டியில்தான் இறங்கியிருக்கும் என்பதால், நடுவிலும் 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ், எட்டியாக வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை வலியுறுத்துகிறது. எட்டாவிட்டால் விருந்துக்கு வந்தவர்கள் மறுநாள் மருந்துக்குப் போக வேண்டியதுதான். செய்யக் கூடாததையே பெயராக வைத்துவிட்டு, கீழே மூன்றாம் வரியில் “அழுத்தாமல் நிரப்பவும்” என்று எழுதினால் படிப்பவர் எதைக் கேட்பார்? பெயரைத்தான். இதற்குத் தங்கையிடம் பதில் இல்லை. தேநீர் போட எழுந்து போய்விட்டார்.

திணிப்பைத் தள்ளியதும் வேறு சொற்கள் வரிசையில் வந்து நின்றன. வினையாக நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: அடைத்தல். கத்தரிக்காயைக் கீறி மசாலா அடைக்கிறோம், தலையணையில் பஞ்சு அடைக்கிறோம். ஆனால் அதன் பெயர்ச்சொல்லை மருத்துவமனையும் நகராட்சியும் எடுத்துக்கொண்டுவிட்டன. மாரடைப்பு, சாக்கடை அடைப்பு. வெண்ணெய் மிதக்கும் ஒரு பண்டத்துக்கு ரொட்டி அடைப்பு என்று பெயர் வைத்தால் இதய மருத்துவர் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட முடியாது. உள்ளீடு நல்ல பழைய சொல். உள்ளீடற்ற மூங்கில் என்று இன்னமும் எழுதுகிறோம். அதைக் கணினிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள், மீட்டு வர முடியாது. இன்னொருவர் உட்பொதிவு என்றார். அதைச் சமையலறையில் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். “அம்மா, இன்னும் கொஞ்சம் உட்பொதிவு போடுங்கள்.” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எந்தக் கலைச்சொல்லையும் அச்சுக்கு அனுப்புமுன் பசியோடிருக்கும் ஒருவரைக்கொண்டு ஒருமுறை உரக்கச் சொல்லவைப்பது நல்லது.

இத்தனைக்கும் சொல் வீட்டிலேயே இருக்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டைக்குள் என்ன வைக்கிறோம்? பூரணம். போளிக்குள்? பூரணம். பூரணம் இனிப்புக்குத்தானே என்பார்கள். உப்புக் கொழுக்கட்டையை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். உளுந்தை ஊறவைத்து, பச்சை மிளகாயோடு அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்து, கடுகு தாளித்தால் அது உளுந்துப் பூரணம். மாவோ பருப்போ தேங்காயோ, ஒன்றுக்குள் வைக்கத் தனியாகத் தயாரித்த கலவை எதுவானாலும் தமிழ்ச் சமையலறையில் அதன் பெயர் பூரணம். ரொட்டிக் கலவைக்கும் இதுவே பொருந்தும்.

தட்டில் வேகவைத்தால் எதற்குள்ளும் வைக்கவில்லையே, அப்போதும் பூரணமா? மேல்மாவு தீர்ந்துபோய்ப் பூரணம் மிஞ்சாத சதுர்த்தி எந்த வீட்டில் உண்டு? கிண்ணத்தில் போட்டு, ஆளுக்கொரு கரண்டியாகச் சாப்பிட்டு முடிக்கிறோம். எதற்குள்ளும் போகாத அதையும் பூரணம் என்றுதானே சொல்கிறோம்? பெட்டியிலிருந்து வரும் ஸ்டஃபிங்குக்கு அமெரிக்கர்கள் பெயர் மாற்றாதது போலத்தான் இதுவும்.

பூரணம் வடசொல் என்ற மறுப்பு வரும் என்று தெரியும், வந்தது. வடசொல்தான். பௌர்ணமியும் பூரண கும்பமும் பிறந்த அதே ‘நிறை’ என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. பூரண குணம், பூரண மதுவிலக்கு என்று வேறு பொருளிலும் வழங்குகிறது. அப்படியானால் திணிப்பை மட்டும் ஏன் இரட்டைப் பொருளுக்காகத் தள்ளினாய் என்று கேட்கலாம். பூரணம் பல தலைமுறைகளாக அடுக்களையில் குடியிருக்கும் சொல். மதுவிலக்கு நினைவு வந்து கொழுக்கட்டையைக் கீழே வைத்தவர் எவரும் இல்லை. திணிப்பு அடுக்களை வாசற்படியையே மிதித்ததில்லை.

சொற்கள் பொருள் மாறிக் குடியேறுவதில் எனக்குக் கோபமில்லை. கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி என்று மூதுரை பாடுகிறது. அது சோழர் காலத்து ஔவையாருடையது என்று கொண்டால், அந்தக் கோழி இன்று அமெரிக்க அடுப்பில் வேகும் கோழியாக இருக்க வழியில்லை. இந்தப் பறவை கொலம்பஸுக்குப் பிறகே கடல் கடந்தது. பெயர் எப்படியோ புதுப் பறவைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது, ஒருவரும் வழக்குப் போடவில்லை. மக்கள் வாயில் தானாக நடந்த மாற்றம் அது.

வடசொல்லே கூடாது என்பவர்களும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. டொரொண்டோவில் என் மனைவியின் தோழி யாழ்ப்பாணத்துக்காரர். கனடாவில் இந்த விருந்து அக்டோபரின் இரண்டாம் திங்கட்கிழமையே வந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தபோது அவர் ரொட்டிக் கலவையைக் கிளறிக்கொண்டே, “உள்ளுடனுக்கு உப்புக் காணுமோ எண்டு பாருங்கோ” என்றார். உள்ளுடன்! மோதகத்துக்குள் வைப்பதற்கு அவர்கள் வழங்கும் சொல். உள்ளே உடன் இருப்பது. எந்தக் குழுவும் கூடி ஆக்காத, கொழுக்கட்டை பிடித்த கை ஆக்கிய சொல். பூரணத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் இதற்குத்தான் விட்டுக்கொடுப்பேன். என் வாய்க்குப் பழகியது பூரணம், அவருக்கு உள்ளுடன். இரண்டும் இருக்கட்டும்.

தலைப்பின் மற்றச் சொற்களையும் சும்மா விட மனமில்லை. மூலிகை என்று படித்ததும் கஷாய நெடிதான் அடிக்கிறது. கீழாநெல்லியும் நிலவேம்பும் மூலிகை. கொத்தமல்லியை எவரும் மூலிகை என்று கூடையில் வைத்து விற்பதில்லை. நம்மிடம் தழை என்ற அழகான சொல் இருக்கும்போது மணத்தழை என்று எழுதினால் என்ன? தழைகளின் பெயர்கள் இன்னும் மோசம். ஒரு கணினி மொழிபெயர்ப்பு எனக்கு “இரண்டு மேசைக்கரண்டி முனிவர்” போடச் சொன்னது. சேஜ் என்ற ஆங்கில ஒலி செடிக்கும் ஞானிக்கும் பொது என்பதால் வந்த வினை. தைமுக்கு ஓமம் என்று எழுதுகிறார்கள். இரண்டிலும் தைமால் என்ற எண்ணெய்ப்பொருள் இருப்பதால் மணத்தில் கொஞ்சம் உறவு உண்டுதான். ஆனால் ஒன்று இலை, மற்றது விதை. அளவு மாறாமல் ஓமத்தைக் கொட்டினால் விருந்து முடிந்தது. பார்ஸ்லிக்கோ இணையத்தில் வோக்கோசு என்ற ஒரு சொல் உலவுகிறது. எந்தச் சந்தையிலும் எந்தப் பாட்டி வாயிலும் நான் அதைக் கேட்டதில்லை. ஒரு பொறி இன்னொரு பொறியிடம் கற்றுக்கொண்டிருக்கும் போலும், மனிதர்கள் அதை நகலெடுக்கிறார்கள். சேஜ், தைம், பார்ஸ்லி என்று ஒலிபெயர்த்து எழுதுவதில் எந்த அவமானமும் இல்லை. காபியையும் கேக்கையும் அப்படித்தான் வாங்கிச் சாப்பிடுகிறோம்.

இந்த ஆண்டுத் தாள் போன வாரம் வந்தது. தலைப்பு ‘மணத்தழை ரொட்டிப் பூரணம்’. தங்கைக்கு நன்றி சொல்லத் தொலைபேசியை எடுத்தேன், எண்ணை அழுத்துமுன் தேவையான பொருட்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கண்ணை ஓட்டினேன். ரொட்டி, வெண்ணெய், வெங்காயம், செலரி. ஐந்தாவது வரியில், பொடியாக நறுக்கியது அரைக் கோப்பை என்ற அளவோடு, வோக்கோசு.