மனச்சோர்வும் தசையும்

ஓடினால் எண்டார்ஃபின் என்ற வேதிப்பொருள் உடலில் சுரக்கும், அதனால் மனம் மகிழும் என்பது உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுகிற எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் ரத்தத்தில் கலக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. மூளையின் ரத்த நாளங்களில் உட்சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி நெருங்கி நின்று அதைத் தடுத்துவிடுகின்றன. அந்தத் தடுப்பைத் தாண்டக்கூடியது ஆனந்தமைடு என்ற கொழுப்புத்தன்மையுள்ள சிறு மூலக்கூறு. எண்டார்ஃபினின் வேலையை முடக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு ஓடவிட்டபோதும் ஓட்டக்காரர்களுக்கு அந்தப் பரவசம் குறையவில்லை. ஓடி முடித்ததும் வரும் அந்த இதம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நீடித்து நிற்கும் மாற்றம் தசையில் நடக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

உணவிலிருந்து கிடைக்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தின் பெரும்பகுதியை உடல் கைனுரெனின் என்ற பொருளாக மாற்றுகிறது. மன அழுத்தமும் உடலில் அழற்சியும் நீடித்தால் இதன் அளவு ஏறும். கைனுரெனின் மூளைக்குள் தாராளமாகப் போகும். போன இடத்தில் நரம்புச் செல்களுக்குக் கேடு செய்யும் பொருள்களாகவும் மாறும். மனச்சோர்வோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வகத்தினர் 2014-இல் வெளியிட்ட சோதனை இங்கேதான் முக்கியமாகிறது. பயிற்சியால் தசையில் பெருகும் ஒரு புரதம், பயிற்சியே இல்லாமல் மிகுதியாக உருவாகும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளை எடுத்துக்கொண்டார்கள். உரத்த சத்தம், மின்னி மின்னி அணையும் விளக்கு, தாறுமாறாக்கப்பட்ட இரவு பகல் என்று ஐந்து வாரம் தொல்லை கொடுத்தார்கள். சாதாரண எலிகள் சோர்ந்து போயின. மாற்றப்பட்ட எலிகள் தாக்குப்பிடித்தன. அவற்றின் தசையில் கேஏடி என்ற நொதிகள் பெருகியிருந்தன. இவை கைனுரெனினைக் கைனுரெனிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலத்தால் மூளையின் தடுப்பைத் தாண்ட முடியாது. சிறுநீரகத்தைப் போலத் தசையும் ரத்தத்தைச் சுத்திகரிக்கிறது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. சில வாரம் பயிற்சி செய்த மனிதர்களின் தசையிலும் இதே நொதிகள் கூடியிருந்தன.

மூளைக்குள்ளும் மாற்றம் உண்டு. நினைவுக்கும் உணர்வுக்கும் முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி, ஓராண்டு தொடர்ந்து நடைப்பயிற்சி செய்த முதியவர்களிடம் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்ததை 2011-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

நோயாளிகளுக்கு இதனால் என்ன பயன்? 1999-இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு நோய் கொண்ட, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். பயிற்சி மட்டும், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை மட்டும், இரண்டும் என மூன்று குழுக்கள். 16 வாரம் கழித்து மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். சிகிச்சையே பெறாத குழு ஒன்று அதில் இல்லாதது குறைதான். ஆனாலும் உடற்பயிற்சியை ஒரு சிகிச்சையாகவே மதிக்க வேண்டும் என்று இந்த முடிவு சொல்கிறது. அதற்காக, மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடக் கூடாது.

மனச்சோர்வு முதலில் பறிப்பது எழுந்து நிற்கும் ஊக்கத்தைத்தான். அப்படிப்பட்டவரிடம் “போய் ஓடு” என்று சொல்வது கொடுமை. கூடவே பத்து நிமிடம் நடக்க ஒரு துணை கிடைத்தால் தொடங்கிவிடலாம். தசையில் நொதிகள் பெருகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். முதல் வாரத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் அந்தக் கட்டத்தை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள்.